விசாரிக்கப்படாத கொலை

கிரேக்கத் தொன்மங்களை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று மாணவிகள் கேட்பதுண்டு. ஆலிஸ் துறைமுகத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

ட்ராய்மீது படையெடுக்கக் கிளம்பிய கப்பல்கள் எதிர்க்காற்றால் அங்கே முடங்கிக் கிடக்கின்றன. ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் கோபம் தணிய, படைத்தலைவன் அகமெம்னான் தன் மகள் இபிஜீனியாவைப் பலி கொடுக்க வேண்டும் என்கிறான் குறிசொல்பவன். அவனும் கொடுக்கிறான். ஆர்ட்டெமிஸ் ஒரு மானை மாற்றி வைத்து அவளைக் காப்பாற்றியதாகச் சொல்லும் கதைகளும் உண்டு. ஈஸ்கிலஸின் நாடகத்தில் அந்த ஆறுதல் இல்லை. குடும்பத்தின்மீது அவள் சாபம் விழுந்துவிடக் கூடாது என்று, மகளின் வாயை அடைக்கச் சொல்கிறான் தகப்பன்.

போர் முடிந்து திரும்பும் அவனை மனைவி கிளைதம்நெஸ்த்ரா கொல்கிறாள். அப்பல்லோவின் கட்டளைப்படி மகன் ஒரெஸ்டஸ் தாயைக் கொல்கிறான். எரின்யஸ் என்னும் பழிதீர்க்கும் பெண் தெய்வங்கள் அவனைத் துரத்துகின்றன. இறுதியில் ஏதென்ஸில் அதீனா ஒரு நீதிமன்றத்தை நிறுவுகிறாள். கி.மு. 458இல் அரங்கேறிய ‘ஒரெஸ்டெயா’ என்ற மூன்று நாடகங்களின் கதை இது. பழிக்குப்பழி ஓய்ந்து சட்டம் பிறந்த கதை என்று இதைப் போற்றுவார்கள். முதல்முறை வாசித்தபோது நானும் அப்படித்தான் நெகிழ்ந்தேன்.

மறுபடி வாசித்தபோது வாதங்கள் உறுத்தின. கணவனைக் கொன்றவளை ஏன் துரத்தவில்லை என்ற கேள்விக்கு, கணவன் இரத்த உறவல்ல என்று பதில் சொல்கின்றன எரின்யஸ். மகள் இரத்த உறவுதானே? அகமெம்னானை ஏன் துரத்தவில்லை? அங்கே யாரும் கேட்கவில்லை. விசாரணை நடக்கும் மூன்றாம் நாடகத்தில் இபிஜீனியாவைப் பற்றிய பேச்சே இல்லை. பலியிடும்போது அடைத்த வாயை நீதிமன்றமும் திறக்கவில்லை.

தகப்பன்தான் உண்மையில் பெற்றவன், தாய் அவன் விதையை வளர்த்துத் தருபவள் மட்டுமே என்று வாதாடுகிறான் அப்பல்லோ. தாயின்றித் தந்தையிடமே பிறந்த அதீனாவைச் சான்றாகக் காட்டுகிறான். அவளும் ஒரெஸ்டஸுக்கே வாக்களிக்கிறாள். வாக்குகள் சமமாகின்றன, அவன் விடுதலையாகிறான்.

ஆனால் ஹெசியாடின் ‘தியோகோனி’யில் அதீனாவுக்குத் தாய் இருக்கிறாள். பெயர் மீட்டிஸ். கருவுற்றிருந்த அவளை ஜீயஸ் விழுங்கிவிட்டான். விழுங்கப்பட்டவளை இல்லாதவளாக்கி, அந்த இல்லாமையையே சட்டத்துக்கு ஆதாரமாக்கினார்கள்.

இதனால் கிளைதம்நெஸ்த்ரா நியாயவாதி ஆகிவிடுவாளா? என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ட்ராயிலிருந்து சிறைபிடித்து இழுத்துவரப்பட்ட கசாண்ட்ராவையும் அவள் கொன்றாள். தன் மகளைப் போலவே ஆண்களின் போரில் சிக்கிய இன்னொரு பெண் அவள். மகளின் சாவுக்கு நீதி கேட்க அந்தத் தாய்க்கு எந்த மன்றமும் இருக்கவில்லை என்பது உண்மை. கசாண்ட்ராவின் கொலையை அது நியாயமாக்காது. இந்த இரண்டையும் சேர்த்தே நாம் சுமக்க வேண்டியிருக்கிறது.

தனக்கு முன் வந்த வழக்கில் ஒரு நீதிமன்றம் நியாயமாக நடந்துகொண்டால் போதுமா? எந்தச் சாவு வழக்காகிறது, எது ஆகாமலே போகிறது என்பதும் நீதியின் கேள்விதான். ஒரெஸ்டஸுக்கு விசாரணை கிடைத்தது. எரின்யஸுக்கு ஏதென்ஸில் குடியிருப்பும் வழிபாடும் கிடைத்தன. இபிஜீனியாவின் வழக்கை இன்னும் யாரும் அழைக்கவில்லை.