நோயாளியின் குறிப்பேடும் ஓர் அமானிதமே

மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு வரும் முதியவர் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். கையில் ஒரு மஞ்சள் பை. அதனுள் நான்கு ஆண்டுகளின் சீட்டுகள். ஒரு மருத்துவர் 'மூச்சுத் திணறல்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். மற்றொருவர் 'இரண்டாம் நிலை' என்று குறித்திருக்கிறார். மூன்றாமவர், இரவில் எத்தனை தலையணை வைத்து உறங்குகிறார் என்பதை எழுதியிருக்கிறார். மூன்றும் உண்மையே. ஆயினும், இவர் தேறி வருகிறாரா, தளர்ந்து வருகிறாரா என்று அம்மூன்றையும் வைத்து எவராலும் சொல்ல இயலாது.

இவருக்கு வந்திருப்பது இருதயச் செயலிழப்பு. பெயரைக் கேட்டு, இருதயம் நின்றுவிட்டது என்று அஞ்ச வேண்டுவதில்லை. உடலுக்கு வேண்டிய இரத்தத்தைச் செலுத்தும் ஆற்றல் குன்றிய நிலை அது. காலில் நீர் கோக்கும். படுத்தால் மூச்சு முட்டும். பல ஆண்டுகள் பல மருத்துவர்களின் கைகளில் மாறி மாறிச் செல்லும் நோய் இது. ஆகவே, முன்னவர் எழுதியது பின்னவருக்கு விளங்குவது இந்நோயில் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டிருந்த காலத்தை நம் முதியோர் அறிவர். 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே அளவையைக் கொணர்ந்தது. நெல்லுக்குச் செய்த நியாயத்தை நோய்க்கும் செய்ய வேண்டாமா? மூச்சுத் திணறலை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் முறையை நியூயார்க் இருதயச் சங்கம் 1928லேயே வகுத்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியேற்றுகிறது என்பதை எக்கோ பரிசோதனை காட்டும். 40 அல்லது அதற்குக் குறைவு என்றால் ஒரு வகை, 50க்கு மேல் என்றால் வேறு வகை, மருந்தும் வேறுபடும். 'இருதயம் பலவீனம்' என்று எழுதிவிட்டால் எந்த வகை என்று யார் அறிவார்? ஒரே மருந்தை இரு வணிகப் பெயர்களில் இருவர் எழுதிக் கொடுக்க, நோயாளி இரண்டையும் விழுங்கும் ஆபத்தும் இங்கேதான் பிறக்கிறது.

பொது அளவையின் பயனை நம் நாடே கண்டிருக்கிறது. 2013இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 18 மருத்துவமனைகள் ஒரே முறையில் 1,205 நோயாளிகளைப் பதிவு செய்தன. 90 நாட்களுக்குள் நூற்றுக்குப் பதினெண்மர் மறைந்தனர் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. பின்னர் தேசிய இருதயச் செயலிழப்புப் பதிவேட்டில் 53 மருத்துவமனைகள் 10,851 பேரைப் பதிவு செய்தன. அங்கும் 90 நாட்களில் மறைந்தோர் நூற்றுக்குப் பதினான்கு பேர். பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளை முறைப்படி பெற்றோர் பாதிக்கும் குறைவு என்பதும், பெறாதவர்களிடையே இறப்பு மிகுதி என்பதும் வெளிப்பட்டன. எல்லா மருத்துவமனைகளும் ஒரே கேள்வியை ஒரே பொருளில் கேட்டிராவிட்டால் இவ்வுண்மை எவர் கண்ணுக்கும் புலப்பட்டிராது.

ஆனால், ஒரு மனிதரின் துன்பத்தைக் கட்டங்களுக்குள் அடைப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாதா? இக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. 'உப்பைக் குறைத்தாரா?' என்னும் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதலாம். கருவாடும் ஊறுகாயுமின்றி வேறு கறிக்கு வழியற்ற வீடு அது என்பதை அக்கட்டம் சொல்லாது. எனவே, ஒப்பிடத் தக்கவற்றுக்குக் கட்டம் வேண்டும். அவருக்கே உரியதை எழுத ஓரத்தில் இடமும் வேண்டும். கட்டம் ஓரத்தை விழுங்கிவிடக் கூடாது.

அதனினும் நுட்பமான ஒன்றுண்டு. புகைபிடிப்பவரா என்று கேட்காமலேயே, அவசரத்தில் 'இல்லை' என்று நிரப்பிவிடுதல். 'இல்லை' என்பது வேறு. 'கேட்கவில்லை' என்பது வேறு. கேளாததைக் கேட்டதாக எழுதுவது பொய்ச்சாட்சி. வெற்றுக் கட்டம் நம் அறியாமையை ஒப்புக்கொள்கிறது. பொய்யால் நிரம்பிய கட்டமோ, நாம் காணாத நோயாளிகளையும் வழி தவறச் செய்கிறது.

சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், பாக்தாதிலும் ரையிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கிய அர்ராஸி, தாம் கண்ட நோயாளிகளின் நிலையைத் தனித்தனியே குறித்து வைத்தார். அவர் மறைந்த பின் அவருடைய குறிப்புகள் தொகுக்கப்பட்டு 'அல்ஹாவீ' என்னும் பெருநூலாயின. ஒருவர் பட்ட துன்பம் மற்றொருவருக்கு மருந்தாகும் வழி அது.

அவ்வழியிலும் வரம்பு உண்டு. நோயாளி தம் நோயைச் சொல்வது மருத்துவரை நம்பி, ஊரறிய அன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஆராய்ச்சிக்காகக் குறிப்புகளைக் கொள்வோர், எதற்காக என்று அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லி இசைவு பெற வேண்டும். பெயரை மறைக்க வேண்டும். கண்ட உண்மையின் பயனை மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும் திருப்பித் தரவும் வேண்டும். அமானிதமாகப் பெற்ற பொருளை உரியவரிடம் சேர்ப்பதுதானே முறை?

நாமும் செய்யத் தக்கது ஒன்றுண்டு. வீட்டு முதியவரின் மருந்துகளின் மூலப்பெயர், அளவு, அன்றாட உடல் எடை, கால் வீக்கம் ஆகியவற்றை ஒரே நோட்டில் தேதியிட்டு எழுதி வைப்போம். அறியாததை 'அறியோம்' என்றே எழுதுவோம். அடுத்த மருத்துவர் அந்நோட்டைத் திறக்கும்போது, முதியவர் தம் நோயின் கதையை முதலிலிருந்து மூச்சிரைக்கச் சொல்ல வேண்டியிராது.