உலகின் தோற்றமும் நமது வாய்மை விரதமும்

இரவு வானத்தை அண்ணாந்து நோக்கும் எவருக்கும் ஒரு வினா எழாமற் போகாது. இவ்வுலகம் என்றேனும் ஒரு நாள் தோன்றியதா, அன்றித் தோற்றமே இல்லாததா என்பதே அவ்வினா. நம் ஆகமங்கள் இதற்குத் தெளிவாக விடை கூறியுள்ளன. உலகம் எவராலும் படைக்கப்பட்டதன்று. அது ஆறு திரவியங்களின் தொகுதி; தொடக்கமும் முடிவும் அற்றது. இன்றைய வானியலோ, அண்டத்திற்கு ஒரு வரலாறு உண்டு என்றும், அது இளமையில் ஒரு நிலையிலும் இப்போது வேறொரு நிலையிலும் உள்ளது என்றும் கூறுகிறது. இவ்விரு கூற்றுகளுக்கும் இடையே நிற்கும் இல்லறத்தாராகிய நாம் எங்ஙனம் பேச வேண்டும்? இது வானியலைப் பற்றிய வினா மட்டுமன்று. வாய்மையை அணுவிரதமாக ஏற்றோரின் ஒழுக்கத்தைப் பற்றிய வினாவும் ஆகும்.

காஞ்சி மாநகருக்கு இவ்வினாவோடு பழந்தொடர்பு உண்டு. 'லோகவிபாகம்' என்னும் நூலை நம்மவர் பலரும் பெயரளவிலேனும் அறிவர். சர்வநந்தி முனிவர் பிராகிருதத்தில் இயற்றிய மூலநூல் இன்று கிடைக்கவில்லை. சிம்மசூரி அதனை வடமொழியில் அமைத்த வடிவமே நமக்குக் கிடைத்துள்ளது. மூலநூல் முற்றுப்பெற்ற காலத்தை அவ்வடிவம் குறித்து வைத்துள்ளது. காஞ்சியரசர் சிம்மவர்மரின் 22-ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380 என்பது அக்குறிப்பு, அஃதாவது கி.பி. 458. பல்லவ மன்னரின் ஆட்சிக் காலம் பற்றிய ஆராய்ச்சிக்கும் இக்குறிப்பு பெரிதும் பயன்பட்டு வருகிறது.

அந்நூல் ஜம்பூத்வீபம் முதலான தீவுகளையும் கடல்களையும், சூரிய சந்திரர் உலவும் ஜோதிர்லோகத்தையும் அளவுகளோடு வகுத்துரைக்கின்றது. அதில் 13107200000 என்னும் எண், அஃதாவது ஆயிரத்து முந்நூற்றுப் பத்துக் கோடியே எழுபத்திரண்டு லட்சம், சொற்களால் இடமதிப்பு முறையில் சொல்லப்பட்டுள்ளது. சுழி நிற்க வேண்டிய இடங்களில் வெறுமையையும் வானத்தையும் குறிக்கும் சொற்கள் நிற்கின்றன. சுழியோடு கூடிய பதின்ம முறையின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகக் கணித வரலாற்றாசிரியர்கள் இதனைப் போற்றுகின்றனர். உலகைப் பற்றிப் பேசப் புகுந்த நம் முன்னோர் எண்களோடு பேசினர். தம் காலத்துக்கு எட்டிய அளவில் கணக்கிட்டே உரைத்தனர்.

இனி நம் காலத்துக்கு வருவோம். நீலகிரியில் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவு ஒன்றின் மீது நீண்ட தொலைநோக்கி ஒன்று அமைந்துள்ளது. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் அவர்களின் திட்டப்படி 1970-இல் அது நிறைவெய்தியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அது ஒளியைக் காண்பதன்று. விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்குவது. அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சாய்ந்த ஒரு சரிவைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் அமைத்ததால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்தது. எனவே ஒரே அச்சில் திருப்பியே ஒரு பொருளைப் பல மணி நேரம் பின்தொடர இயலும்.

அக்கருவி அமைந்த காலத்தில் அறிஞர் உலகில் பெருவழக்கு ஒன்று நிகழ்ந்து கொண்டிருந்தது. அண்டங்கள் ஒன்றைவிட்டொன்று விலகிச் செல்கின்றன என்பது 1929-இல் ஹபிளின் ஆய்வால் தெளிவாயிற்று. அங்ஙனமாயின், முற்காலத்தில் அனைத்தும் நெருங்கியும் வெப்பம் மிக்கும் இருந்திருக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். மற்றொரு சாரார் 1948-இல் நிலைபேற்றுக் கொள்கையை முன்வைத்தனர். ஹாயில், பாண்டி, கோல்டு ஆகியோர் அதன் முதல்வர்கள். அண்டங்கள் விலகினாலும் இடைவெளிகளில் புதிய பொருள் சிறிது சிறிதாகத் தோன்றிக்கொண்டே இருப்பதால், பேரண்டம் எக்காலத்தும் ஒரே தன்மையாய் இருக்கும். அதற்குத் தொடக்கம் இல்லை என்பது அவர்தம் துணிபு. நம் நாட்டுப் பேரறிஞர் ஜயந்த் நார்லிகர் ஹாயிலுடன் இணைந்து இக்கொள்கையை வளர்த்தவர்.

இவ்வழக்கை உதகைத் தொலைநோக்கி எங்ஙனம் அணுகியது என்பதை அறிதல் சுவையானது. தொலைவிலுள்ள ரேடியோ மூலம் ஒன்றின் முன்னே சந்திரன் நகர்ந்து வந்து அதனை மறைக்கின்றது. மறையும்போது அலையின் வலிமை குறைகிறது. அது சட்டென்று குறைகிறதா, மெல்லக் குறைகிறதா என்பதைக் கொண்டு அம்மூலத்தின் கோண அளவை நுட்பமாகக் கணித்துவிடலாம். இவ்வாறு, முன்னர் அளக்க இயலாதிருந்த மங்கலான ரேடியோ மூலங்கள் பலவற்றின் அளவுகள் பெறப்பட்டன. திருப்பருத்திக்குன்றத்தில் பிறை இலச்சினையுடைய சந்திரப்பிரபரை வணங்கி வரும் நமக்கு, அத்திங்களே ஓர் அளவுகோலாய்ப் பயன்பட்ட செய்தி மகிழ்வூட்டும்.

மங்கலானவை சராசரியாக மிகத் தொலைவில் இருப்பவை. தொலைவில் உள்ளதைக் காண்பது கடந்த காலத்தைக் காண்பதாகும். ஏனெனில் அதன் ஒளியும் அலையும் நம்மை வந்தடைய நெடுங்காலம் ஆகின்றது. வெறுங்கண்ணுக்குப் புலப்படும் ஆண்ட்ரோமீடா அண்டத்தின் ஒளியே ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டதாகும். பேரண்டம் என்றும் ஒரே தன்மையாயின், அன்றைய மூலங்களும் இன்றைய மூலங்களும் ஒத்திருத்தல் வேண்டும். 1975-இல் ஸ்வரூப் அவர்களும் அவர்தம் மாணவர் கபாஹி அவர்களும் உதகை அளவைகளைப் பிற கருவிகளின் அளவைகளோடு ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு, அவை ஒத்திருக்கவில்லை என்பதே. பண்டைக் காலத்து ரேடியோ அண்டங்கள் பரிமாணத்தில் வேறுபட்டிருந்தன. பேரண்டம் மாறி வந்துள்ளது. விண்ணெங்கும் பரவிய நுண்ணலைக் கதிர்வீச்சு 1965-இல் கண்டறியப்பட்டமையும் இதே முடிவையே வலியுறுத்தியிருந்தது. இன்றைய கணக்கின்படி அந்த வெப்பமிகு தொடக்க நிலை சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது.

ஈண்டு நம் உள்ளத்தின் சாய்வை நாமே நோக்குதல் வேண்டும். இவ்வழக்கைக் கேட்கும் சமணர் ஒருவர், தம்மையறியாமலே நிலைபேற்றுக் கொள்கையின் பக்கம் சாய்வது இயல்பு. உலகிற்குத் தொடக்கமில்லை என்னும் சொல் செவிக்கு இனிமையாய் இருக்கிறதன்றோ? ஆயினும் சற்றே ஆழ்ந்து நோக்குக. அக்கொள்கை இல்லாத பொருள் புதிதாய்த் தோன்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பதன்றோ நம் திரவியக் கோட்பாடு? நமக்கு ஆதரவெனத் தோன்றிய கொள்கையே நம் அடிப்படைக்கு முரணாக நிற்கக் காண்கிறோம். மறுபுறம், வெப்பமிகு தொடக்க நிலையைக் கூறுவோர் படைப்பவன் ஒருவனை நிறுவிவிடவில்லை. அந்நிலைக்கு முன் யாதிருந்தது என்பது வானியலில் இன்னும் முடிவு காணாத வினா. அவ்விடத்தில் நம் கோட்பாட்டைக் கொண்டுபோய் ஒளித்து வைத்து, வென்றுவிட்டோம் என்று கூறுவதும் முறையன்று. அறியப்படாத இடம் நமக்குச் சான்றாகாது.

ஆகவே பெறப்படுவது யாது? அறிவியற் கொள்கைகளுள் நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து ஆகமத்திற்குத் தூணாக நிறுத்துதல் தகாது. நாளை அக்கொள்கை வீழ்ந்தால் தூணும் வீழும். இங்ஙனமே, புதிதாய் எது கண்டுபிடிக்கப்பட்டாலும் "இதனை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர்" என்று மேடைதோறும் முழங்குவதும் வாய்மைக்குப் பொருந்துவதன்று. முன்னோர் சொன்னதைச் சொன்னார் எனலாம்; சொல்லாததைச் சொன்னார் எனல் அவர்க்குப் பெருமை சேர்ப்பதாகாது. லோகவிபாகத்தின் ஆசிரியருக்குச் சுழியைக் கையாண்ட பெருமை உண்டு. அவருக்கு ரேடியோ தொலைநோக்கியின் பெருமையையும் சூட்ட வேண்டுவதில்லை.

பொய் என்பது பணத்திற்காகச் சொல்வது மட்டுமன்று. நாம் விரும்புவது மெய்யாய் இருக்க வேண்டும் என்னும் ஆசையால், சான்றைக் கூட்டியும் குறைத்தும் உரைப்பதும் பொய்யின் வகையே. மிகுபொருள் விரும்பாமையைப் பொன்னிற்கும் நிலத்திற்கும் மட்டும் உரியதாகக் கருதுகிறோம். கருத்தின் மீது கொண்ட பற்றும் பற்றே. ஸ்வரூப், நார்லிகர் இருவரும் எழுபதுகளில் ஒரே நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். ஒருவர் அளவைகள் மற்றவர் கொள்கைக்கு எதிராயின. அளந்தவர் அதனை மறைக்கவில்லை. மற்றவரும் தம் வினாவைக் கைவிடாது, 1993-இல் திருத்திய வேறொரு கொள்கையை ஹாயில், பர்பிட்ஜ் ஆகியோருடன் வெளியிட்டார். அறிஞர் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. எனினும் வழக்காடுவோர் இருவரும் அளவைகளையே நடுவராக ஏற்றனர். வாதத்திலும் இம்சை நேராது காக்கும் நெறி இதுவே.

நம் நாட்டுப் பஞ்சாங்க வரலாறும் இதனை உணர்த்தும். சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பஞ்சாங்கம் கணிப்போர் குடியிற் பிறந்தவர். 1867-இல் ரெட்டிகுலம் விண்மீன் கூட்டத்தில் ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டறிந்தார். குடிவழி வந்த வாக்கியக் கணக்குக்கும் வானில் காணும் காட்சிக்கும் வேறுபாடு காணப்பட்டபோது, காட்சிக்கு ஏற்பக் கணக்கைத் திருத்துமாறு வற்புறுத்திப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். அவர் மரபைத் துறந்தவரல்லர். மரபு பயன்பட வேண்டும் என்று விரும்பியதாலேயே திருத்த முற்பட்டார். காஞ்சித் தறியில் இழை அறுந்தால் நெசவாளர் அதனைக் காணாதவர்போல் மேலே நெய்வதில்லை. நிறுத்தி, முடிந்து, பின்னரே நெய்வார். அறுந்ததை ஒப்புக்கொள்வதால் சேலைக்கு இழுக்கில்லை.

இங்கே ஒருவர் வினவலாம்: "அநேகாந்தம் எல்லாப் பார்வையும் மெய்யென்று கூறுகிறதே, ஆகமமும் மெய், அறிவியலும் மெய் என்று விட்டுவிடலாமே?" அநேகாந்தம் அவ்வளவு எளிதாய்த் தப்பிச் செல்லும் வழியன்று. இன்ன நோக்கில், இன்ன அளவில் என்று வரையறுத்துப் பேசுக என்பதே அதன் கட்டளை. ஜம்பூத்வீபத்தில் சூரியர் இருவர், சந்திரர் இருவர் என்று நூல்கள் கூறும். நம் பகலைச் செய்யும் சூரியன் ஒன்றே என்பதும், பூமியே அதனைச் சுற்றுகிறது என்பதும் அளந்து அறியப்பட்டவை. எண்ணி அறியும் பொருளில் எண்ணிக்கையே முடிவு கூறும். அங்கே நயம் பேசி மழுப்புதல் நயவாதத்துக்கே இழுக்கு.

அங்ஙனமாயின் உலக வருணனைகளால் பயனில்லையோ எனில், உண்டு. பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் உலகத்தைச் சிந்தித்தல் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. எல்லையற்ற உலகில் எண்ணிறந்த பிறவிகளில் உழலும் உயிர், தன் சிறுமையை உணர்ந்து செருக்கு நீங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தீவுகளையும் கடல்களையும் மடங்கு மடங்காய் விரித்துச் சென்றதன் பயன் அதுவே. இன்றைய வானியல் காட்டும் பேரண்டமும் அப்பயனை நல்கவல்லது. 2017-இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் 'சரஸ்வதி' என்னும் அண்டத் தொகுதியை அறிவித்தனர். அதன் தொலைவு சுமார் 400 கோடி ஒளியாண்டு. அதனைச் சிந்திப்பவர், வேலிக்கால் அளவு நிலத்திற்காக உடன்பிறந்தாரோடு வழக்காடுவரோ?

நம் இல்லங்களில் பிள்ளைகள் பள்ளியில் கற்றதையும் ஜினாலயத்தில் கேட்டதையும் ஒப்பிட்டு வினவுகின்றனர். அதட்டி அடக்கினால், வாய்மையைக் காட்டிலும் பெரியது வேறொன்று உண்டு என்று அவர்கள் கற்பர். ஆகமம் முழுதும் பழங்கதை என்று கைவிட்டால், உயிர்க்கு இரங்குதலும் உடன் போய்விடும். "வானத்தில் உள்ளவற்றை அளந்தவர் சொல்லைக் கேள், உன் உள்ளத்தில் உள்ள வெகுளியையும் ஆசையையும் அளக்க இந்நூல்களைக் கேள், அறியாததை அறியேன் என்று சொல்லத் தயங்காதே" என்று கூறுவதே நற்காட்சியின்பாற்பட்ட விடையாகும். அவ்விடையைக் கூறும் துணிவு பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் முதலில் வேண்டும்.

திருப்பருத்திக்குன்றத்துப் பெருமான் திரைலோக்கியநாதர் எனப் போற்றப்படுகின்றார். மூவுலகையும் உள்ளவாறு அறிந்தவர் என்பதால் வணங்குகிறோம். உள்ளதை உள்ளவாறு காண விரும்பாத நெஞ்சோடு அவர் திருமுன் நிற்றல் பொருந்துமா என்பதை அன்பர்கள் சிந்திப்பார்களாக.