சேம அச்சு

வண்டி ஓடுவது ஒன்று. ஓடத் தகுதியுடையதாய் இருப்பது மற்றொன்று. காலையில் சாவியைத் திருகியவுடன் இயந்திரம் உறுமுகிறது, சக்கரம் சுழல்கிறது. ஆகவே வண்டி நலமாக இருக்கிறது என்று உரிமையாளர் முடிவு கட்டிவிடுகிறார். நோய் இல்லாமையும் நோய் அறியாமையும் வெவ்வேறு என்பதை மருத்துவரின் முன்னிலையில் ஒப்புக்கொள்ளும் அதே மனிதர், பட்டறை வாசலில் அதனை மறந்துவிடுகிறார்.

பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்றின் உரிமையாளரை எண்ணிப் பார்க்கலாம். அவர் பெயர் எதுவாகவும் இருக்கலாம். விடியற்காலையில் ஜெலுத்தோங்கில் முதல் பிள்ளையை ஏற்றுகிறார்; ஆயர் ஈத்தாம் வரை சென்று பள்ளி வாசலில் அனைவரையும் இறக்குகிறார்; நண்பகலில் அதே வழியில் திரும்புகிறார். அரசு விதித்த பரிசோதனை நாள் நெருங்குகிறது. தேநீர்க் கடையில் மூத்த ஓட்டுநர் ஒருவரிடம், "அண்ணே, பக்கத்தில் நல்ல பட்டறையாக ஒன்று சொல்லுங்களேன்" என்று கேட்கிறார். அதற்குக் கிடைக்கும் மறுமொழி ஒரு கேள்வியாகவே அமைகிறது: "வண்டி சரியாகணுமா, பாஸாகணுமா?"

நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட சொல்தான். எனினும் அறநூல் ஒன்றின் தொடக்கமாக வைக்கத் தக்க வினா அதனுள் இருக்கிறது. "நல்ல பட்டறை" என்பதில் வரும் "நல்ல" என்னும் அடைமொழி எதனைக் குறிக்கிறது? குறையைக் கண்டுபிடிக்கும் பட்டறையையா, குறையை மறைத்துத் தரும் பட்டறையையா?

மலேசியாவில் வணிக வாகனங்களின் தகுதியைச் சோதிக்கும் பணி 1994-ஆம் ஆண்டு முதல் புஸ்பாகோம் நிறுவனத்திடம் இருந்து வந்தது. அதற்கு முன்னர் சாலைப் போக்குவரத்துத் துறையே அதனைச் செய்தது. பேருந்து, லோரி, வாடகைக் கார், பள்ளி வேன் ஆகியவை பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்குச் செல்ல வேண்டும். 2024-இல் அந்நிறுவனத்தின் தனியுரிமை முடிவுற்று, பிறருக்கும் வழி திறக்கப்பட்டது. சொந்தக் காருக்கோ ஆண்டுப் பரிசோதனை என்பதே இந்நாட்டில் இல்லை. கை மாறும்போதும் அதுபோன்ற சில வேளைகளிலும் மட்டுமே அது சோதிக்கப்படுகிறது. பிரிட்டனில் நிலை வேறு. அங்கு 1960-இல் பத்தாண்டு கடந்த கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை கொண்டுவரப்பட்டது. 1967-க்குள் அந்த வயதெல்லை மூன்றாண்டாகக் குறைந்தது. ஆண்டுதோறும் ஊரிலுள்ள அங்கீகாரம் பெற்ற பட்டறை ஒன்றைத் தேடிச் செல்வது அந்நாட்டு இல்லறத்தாரின் வழக்கங்களுள் ஒன்றாகிவிட்டது.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. பிரிட்டனில் சோதிக்கும் பட்டறையே பழுதும் பார்க்கலாம். குறை கண்டால் அதற்கு வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் வருமானம் கிடைக்கும். ஆதலின் இல்லாத குறையைக் காணும் ஆசை அதற்கு வரக்கூடும். மறுபுறம், கண்டிப்பான பட்டறை என்று பெயர் வாங்கினால் வாடிக்கையாளர் வேறிடம் போய்விடுவர். ஆதலின் இருக்கும் குறையைக் காணாதிருக்கும் ஆசையும் வரக்கூடும். அதே அரசாட்சிக்கு உட்பட்ட வட அயர்லாந்தில், பழுது பார்க்காத அரசு நிலையங்களே சோதனை செய்கின்றன. தீர்ப்பளிப்பவனும் தண்டத்தொகையைப் பெறுபவனும் ஒருவனாய் இருத்தலாகாது என்னும் பழைய நீதி முறைமை, எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த இவ்விடத்திலும் பொருந்துகிறது.

பட்டறைக்காரரின் அறம் கடினமானது. காரின் அடியில் படுத்திருப்பவருக்குத் தெரிந்தது, மேலே நின்றுகொண்டிருப்பவருக்குத் தெரியாது. இவ்வறியாமையைக் குறித்து 1970-இல் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்னும் பொருளியலறிஞர் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாக்கி ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் 2001-இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். விற்பவன் அறிந்து வாங்குபவன் அறியாதபோது, நல்ல சரக்கே சந்தையை விட்டு விலகிவிடக்கூடும் என்பது அவர் காட்டிய உண்மை. நேர்மையான பட்டறைகளுக்கும் இது பொருந்தும். உண்மையைச் சொல்பவர் விலை மிகுந்தவராகத் தோன்றுகிறார். பொய்யைச் சொல்பவர் மலிவானவராகத் தோன்றுகிறார். கழற்றிய பழைய பாகத்தைத் துணியில் துடைத்து வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் ஒரு வழக்கம் நல்ல மெக்கானிக்குகளிடம் உண்டு. தேய்ந்த பிரேக் பட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பவருக்குப் பொறியியல் தெரிய வேண்டியதில்லை. அந்த ஒரு செயலால் அறிவின் ஏற்றத்தாழ்வு ஓரளவு சமனாகிவிடுகிறது. எந்தச் சட்டமும் கட்டளையிடாத அச்செயலுக்கு எத்தனை சான்றிதழ்களும் ஈடாகமாட்டா.

எனினும் பழியை முழுவதும் பட்டறையின் தலையில் சுமத்துவது முறையன்று. கேட்பவர் எதனைக் கேட்கிறாரோ அதுவே கடையில் விற்கப்படும். பரிசோதனைக்கு முதல் நாள் நல்ல டயர்களை வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, சான்றிதழ் கைக்கு வந்ததும் வழவழத்த பழைய டயர்களையே மீண்டும் பூட்டிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி லோரித் தொழிலில் உள்ளோர் பேசிக்கொள்வது புதிதன்று. இதனைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். அச்செயலில் எந்தத் தனிப் பொய்யும் சொல்லப்படவில்லை. சோதித்தவர் கண்டது நல்ல டயர்தான். அவர் எழுதியதும் உண்மைதான். உண்மைகளை மட்டுமே கொண்டு ஒரு பெரும் பொய் கட்டப்பட்டிருக்கிறது! வள்ளுவர் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வகுத்துத் துறவியின் வேடத்தைக் கண்டித்தார். இன்று அவ்வேடம் டயருக்கும் வந்துவிட்டது.

இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பியவர் கணித மேதையாகிய வில்லியம் கிளிஃபர்டு. 1877-இல் வெளியான "நம்பிக்கையின் அறம்" பற்றிய கட்டுரையில் அவர் ஒரு கப்பல் உரிமையாளரைக் காட்டுகிறார். கப்பல் பழையது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. குடியேறச் செல்லும் குடும்பங்களை ஏற்றி அனுப்பும் வேளை வருகிறது. அவர் உள்ளத்தில் ஐயம் எழுகிறது. ஆயினும் இத்தனை பயணங்களைத் தாங்கிய கப்பல் இம்முறையும் தாங்கும் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்கிறார். இறைவன் காப்பான் என்றும் நினைத்துக்கொள்கிறார். இறுதியில் மெய்யாகவே நம்பிவிடுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, மனமார நம்பினார். ஆனால் அவ்வாறு நம்புவதற்கு அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபர்டு. அடுத்த படிதான் படிப்போரைத் திடுக்கிட வைப்பது: கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே, வெளிப்படாத குற்றவாளி, அவ்வளவுதான்.

விபத்து நேராதவரை தவறில்லை என்று எண்ணும் உலகுக்கு இது கசப்பான செய்தி. வழவழத்த டயரோடு பல்லாண்டு ஓட்டிய ஒருவர், "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லும்போது தம் நல்லூழைத் தம் நற்பண்பாக எண்ணிக்கொள்கிறார்.

கிளிஃபர்டு கற்பனையாக மட்டும் அதனை எழுதவில்லை எனலாம். அக்காலத்தில் சாமுவேல் பிளிம்சால் என்பவர், அளவுமீறிச் சுமையேற்றப்பட்ட "சவப்பெட்டிக் கப்பல்"களுக்கு எதிராகப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் போராடிக்கொண்டிருந்தார். 1876-இல் கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு வரையப்பட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் கோட்டை எங்கே வரைவது என்பதை உரிமையாளரே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டனர்! கோட்டைப் புகைபோக்கியின் மேல் தீட்டிவைத்த கப்பல் தலைவன் ஒருவனைப் பற்றி ஒரு கதையும் வழங்குகிறது. கோட்டின் இடத்தைச் சட்டம் வரையறுத்தது 1890-இல்தான். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தமிழரைப் பினாங்குக் கரையில் பல்லாண்டு இறக்கியது. அதில் ஏறிய பாட்டன் பாட்டியருள் அந்தக் கோட்டைக் கவனித்தவர் எத்தனை பேர் இருப்பர்? அவர்களுக்காக வேறெவரோ கவனித்திருந்தனர். ஏறுபவர் பார்க்க இயலாததை ஏற்றுபவர் பார்த்தாக வேண்டும்.

இனி எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். அதனைக் கேளாமல் அறம் பேசுவது எளிது. வேன் உரிமையாளர் செல்வர் அல்லர். பிள்ளைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். அதனைச் சற்று உயர்த்தினாலும் பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். நான்கு டயர்களையும் ஒருசேர மாற்றினால் அம்மாத வருமானத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். வண்டியைப் பட்டறையில் விட்டால் அன்றைய ஓட்டமும் இல்லை. லோரி ஓட்டுநரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. டயரை மாற்றும் அதிகாரம் முதலாளியிடம். அந்த டயரின் மேல் உயிரை வைத்திருப்பது ஓட்டுநர். வறுமையில் உழல்வோரிடம் முழு நேர்மையைக் கேட்டுவிட்டு, வசதியுள்ளோரிடம் எதுவும் கேளாதிருப்பது நீதியாகுமா? சொந்தக் காருக்குப் பரிசோதனை இல்லை என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது சுட்டுவது பொறுப்பு பலருடையது என்பதையே. ஒருவருக்கும் பொறுப்பில்லை என்பதையன்று. குறைந்த கட்டணத்துக்குப் பேரம் பேசும் பெற்றோரும் அப்பழைய டயரில் ஒரு பங்குதாரரே. 2013 ஆகஸ்ட் 21-ஆம் நாள் கெந்திங் மலைச் சாலையில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 37 உயிர்கள் போயின. 2025 ஜூன் 9-ஆம் நாள் கிரீக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் மாணவர் 15 பேர் மாண்டனர். ஆசிரியர்களாக வகுப்பறைகளுக்குள் நுழைந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். இரண்டுக்கும் விசாரணைக் குழுக்கள் அமைந்தன; அறிக்கைகள் வந்தன. அவ்வண்டிகளில் ஏறிய எவரும் படிக்கட்டில் கால் வைக்குமுன் பிரேக்கைப் பற்றிக் கேட்டிருக்க முடியாது.

சட்டம் வருமுன்னே கடமையை உணர்ந்தோரும் உலகில் இருந்திருக்கின்றனர். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 1865-இல் ஒரு மதுவடிப்பாலையின் நீராவிக் கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டே கொதிகலன் உரிமையாளர்கள் தாமாகவே சங்கம் அமைத்து, தம் கொதிகலன்களை நடுநிலையான வல்லுநர் சோதிக்க ஏற்பாடு செய்தனர். அந்நாட்டு வாகனப் பரிசோதனை நிறுவனங்களுள் பெயர்பெற்றதான டியூஃப் அச்சங்கத்தின் வழிவந்ததே.

அதற்கும் நெடுங்காலம் முந்திய சான்று தமிழிலேயே உண்டு. உப்பு வணிகராகிய உமணர் எருது பூட்டிய வண்டியில் பாரமேற்றி மேடுபள்ளம் கடந்து செல்வர். வழியில் என்ன நேருமோ என்று கருதி வண்டியின் அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிவைத்திருப்பர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு ஔவையார் அதனையே உவமையாக்கினார். புறநானூற்றின் 102-ஆம் பாடலில் அதனைக் காணலாம். வகுப்பறையில் இப்பாடலை நடத்துவோர் மன்னனின் பெருமையோடு நின்றுவிடுவதுண்டு. உமணரையும் சற்று நோக்கலாம். அவர்களை எந்த அதிகாரியும் நிறுத்திச் சோதிக்கவில்லை. எந்தச் சான்றிதழும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்களும் செல்வர் அல்லர். ஒரு கூடுதல் அச்சின் விலை அவர்களுக்கும் பாரமே. அந்த மரத்தின் எடைக்கு ஈடான உப்பைக் குறைத்தே ஏற்றியிருப்பர். இலாபத்தில் ஒரு பங்கை இழந்து வாங்கிய முன்னெச்சரிக்கை அது. நேற்றுவரை அச்சு முறியவில்லை என்னும் சமாதானம் அவர்களுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். அதனை அவர்கள் ஏற்கவில்லை.

ரெலாவிலிருந்து பாலேக் பூலாவுக்கு மலைமேல் வளைந்து செல்லும் துன் சார்டோன் சாலையை அறிந்தவர்களுக்கு மேடுபள்ளம் என்னும் சொல் பொருளற்றதன்று. ஏறும்போது இயந்திரம் சோதிக்கப்படுகிறது. இறங்கும்போது பிரேக் சோதிக்கப்படுகிறது. விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு அவ்வழியே செல்லும் சொந்தக் கார்களுள் ஓராண்டாக அடிப்பகுதி திறந்து பார்க்கப்படாதவை எத்தனையோ! அவற்றின் உரிமையாளர்களை எந்தச் சட்டமும் அழைக்கவில்லை. தாமே தேடிச் சென்று, தம் காசைக் கொடுத்து, தம் காரில் குறை சொல்லுமாறு ஒருவரைக் கேட்க வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கின்றனர். வேன் உரிமையாளருக்காவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாள் குறிக்கப்படுகிறது.

அந்த வேன் உரிமையாளர் தேநீர்க் கடையில் கேட்ட கேள்விக்கு என்ன மறுமொழி சொன்னார் என்பது தெரியாது. பரிசோதனை முடிந்தது, சான்றிதழ் கிடைத்தது. மறுநாள் விடியலில் ஜெலுத்தோங்கில் வேன் வந்து நிற்கிறது. புத்தகப் பையைச் சுமந்த சிறுமி ஒருத்தி ஏறுகிறாள், கதவு சாத்தப்படுகிறது. வாசலில் நிற்கும் தாய், வேன் முனை திரும்பும்வரை கையசைக்கிறாள். டயர்களை அவள் பார்ப்பதில்லை.