பெற்றோர் கேட்டதும் கலை மறுத்ததும்

கலைஞன் இழைத்த பாதகம் அவனுடைய கலையையும் களங்கப்படுத்துமா என்பது நெடுநாளாக விவாதிக்கப்பட்டுவரும் கேள்வி. அந்தப் பாதகமே கலையின் கீர்த்திக்கு மூலதனமாக அமைந்துவிடுமாயின், அக்கேள்வி கலைஞனோடு நில்லாமல் ரசிகனுடைய மனச்சாட்சியையும் வந்து தொடுகிறது. நார்வே நாட்டின் ‘மேஹெம்’ இசைக்குழு பெற்ற புகழ் இத்தகையது.

1984-ஆம் ஆண்டில் ஆஸ்லோ நகருக்கருகே வாலிபர் சிலர் தொடங்கிய அக்குழு, கிதாரின் தந்திகளை இடையறாத துரிதத்தில் மீட்டி, டிரம்ஸின் ஓயாத முழக்கத்தையும் அலறலை ஒத்த குரலையும் அதனோடு இணைத்து, பிளாக் மெட்டல் என்று பிற்காலத்தில் பிரசித்தி பெற்ற சங்கீத வகைக்கு உருவம் கொடுத்த குழுக்களுள் முதன்மை பெற்றது. 1991 ஏப்ரலில் அதன் பாடகர் தற்கொலை செய்துகொண்டார். சடலத்தை முதலில் கண்ட குழுத் தலைவர் ஓய்ஸ்டைன் ஓர்ஷெத், காவல்துறைக்குச் சொல்லுமுன் அதைப் புகைப்படம் எடுத்தார். அப்படங்களுள் ஒன்று பின்னர் அனுமதியற்ற ஓர் இசைத்தட்டின் அட்டையிலேயே இடம்பெற்றது. நண்பனின் மரணத்தை ஓர்ஷெத் விளம்பரமாக்கியதைச் சகியாத பேஸ் கிதார்க் கலைஞர் குழுவைவிட்டு விலகினார்.

அவருடைய இடத்தில் வாசிக்க வந்தவர் வார்க் விகர்னெஸ். தேவாலயங்களுக்குத் தீ வைத்த அவர், 1993 ஆகஸ்ட் 10 அன்று ஓர்ஷெத்தைக் குத்திக் கொன்று, 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கொலையுண்டவரின் கிதாரும் கொலையாளியின் பேஸ் கிதாரும் அதற்கு முன்பே ஒரே இசைத்தட்டுக்காகப் பதிவாகியிருந்தன. மகனைக் கொன்றவனின் வாசிப்பை நீக்கிவிடுமாறு ஓர்ஷெத்தின் பெற்றோர் வேண்டினர். ஆனால் டிரம்ஸ் கலைஞர் அதை நீக்கவில்லை. 1994-இல் வெளிவந்த அந்த இசைத்தட்டே இன்று அவ்வகைச் சங்கீதத்தின் சிகரமாகப் போற்றப்படுகிறது.

பதிவானதைப் பதிவானபடியே காப்பது கலைக்குச் செய்யும் நேர்மை என்றும், இருவரும் சேர்ந்து ஆக்கியதை மரணத்தின் பெயரால் சிதைப்பது சரித்திரத்தைத் திரிப்பதாகும் என்றும் வாதிக்க இடமுண்டு, அவ்வாதம் அற்பமானதன்று. எனினும் பெற்றோர் கேட்டது அந்தப் படைப்பை அழிக்கும்படி அன்று. ஒரே ஒரு வாத்தியத்தின் வாசிப்பை நீக்கும்படியே. அதை வேறொருவர் கையால் மீண்டும் வாசிக்கச் செய்திருக்கலாம். அதனால் கலைக்கு நேரக்கூடிய நஷ்டம் சிறிது. மறுத்ததனால் அவர்களுக்கு நேர்ந்ததோ, மகனுடைய கடைசி இசையை அவனைக் கொன்றவனின் வாசிப்பு கலவாமல் கேட்கவே இயலாத நிலை. சிறு நஷ்டத்துக்கு அஞ்சிப் பெருந்துயரை நிலைபெறச் செய்வது எந்த தர்மத்துக்கும் உகந்ததாகாது.

அதற்காக அவ்விசையைக் கேட்பது பாவம் என்று விதிப்பது நியாயமன்று. அதன் வேகத்திலும் உக்கிரத்திலும் உண்மையான கற்பனை உண்டு. ஆயினும் தற்கொலையையும் கொலையையும் தீவைப்பையும் அவ்விசைக்கு அணிகலன்களாக எண்ணி ருசிப்பவன், அந்தப் புகைப்படத்தை எடுத்த கையோடு தன் கையையும் சேர்த்துக்கொள்கிறான். சங்கீதத்தைக் கேட்பவர் கேட்கட்டும். மரணங்களைப் புகழாமலிருப்பது அவர்களுடைய கடமை.