நிலத்தின் பொறை

தன்னைத் தோண்டுபவனையும் விழவிடாமல் சுமக்கும் நிலத்தை வள்ளுவர் பொறுமைக்கு உவமையாக்கினார். மனிதனும் அந்நிலம்போல் பொறுக்கவேண்டும் என்று வகுப்பறையில் நாம் விளக்கம் சொல்கிறோம். அப்போது மாணவன் ஒருவன் எழுந்து, “நிலத்தின் பொறுமைக்கு எல்லை இல்லையா, ஐயா?” என்று கேட்டால் என்ன விடை கூறுவோம்? காம்பாரில் வாழ்பவர்க்கு இவ்வினா ஏட்டோடு நின்றுவிடுவதன்று.

கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரும் மேற்கே கிளேடாங் மலைத்தொடரும் காவலிருக்க, நடுவே கிடக்கிறது கிந்தா பள்ளத்தாக்கு. மலைகள் கருங்கல்லால் ஆனவை. பள்ளத்தாக்கின் அடித்தளமோ சுண்ணாம்புப் பாறை. வெயிலும் மழையும் கருங்கல்லைப் பொடியாக்கின. ஆறுகள் அப்பொடியைச் சுமந்துவந்து சுண்ணாம்புப் பாறையின்மேல் பரப்பின. வெள்ளம் விரைந்த இடத்தில் மணல் தங்கியது. தளர்ந்த இடத்தில் வண்டல் படிந்தது. தேங்கிய இடத்தில் களி அடங்கியது. சருகும் வேரும் மக்கி அவற்றோடு கலந்தன. ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகச் சில நூறு ஆண்டுகள் வேண்டும் என்பர் அறிஞர்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்றார். ஆற்றுச் சமவெளியின் மண்ணை நோக்கினால் அவ்விணைப்பின் ஆழம் விளங்குகிறது. மண் என்பது வேறு யாது? நிலமாக உறைந்துபோன பொழுதே அன்றோ!

அப்படிவுகளுக்குள் ஈயக்கல்லும் கலந்து கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனைத் தேடி வந்தவர்களாலேயே காம்பார் நகரமாயிற்று. பீய்ச்சி அடித்த நீரால் கரையை இடித்துச் சேறாக்கினர். அச்சேற்றை இறைத்து, ‘பாலோங்’ என்னும் நெடிய மரவாய்க்காலில் ஓடவிட்டனர். ஈயக்கல் நீரினும் ஏறக்குறைய ஏழு மடங்கு கனமானது. மணலோ இரண்டரை மடங்கே. ஆதலால் ஈயக்கல் அடியில் தங்க, எஞ்சியவை யாவும் அடித்துச் செல்லப்பட்டன. மணல் அருகிலேயே குவிந்தது. நுண்களி தொலைவிலிருந்த குட்டைகளில் போய் அடங்கியது.

இங்கேதான் இழப்பு நேர்ந்தது. ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகக் கூட்டிவைத்ததை மனிதன் சில பத்தாண்டுகளில் பிரித்துவிட்டான். தனித்த மணல் நீரையும் நிறுத்தாது, உரத்தையும் நிறுத்தாது. தனித்த நுண்களியோ நீரை விடாது பிடித்துக்கொண்டு, நெடுங்காலம் கூழாகவே கிடக்கும். அதன்மேல் கட்டடம் எழுப்ப விரும்புவோர் முதலில் மண்ணின் உறுதியைச் சோதிக்க வேண்டியுள்ளது. தோண்டியவனைத் தாங்கிய நிலம், தோண்டாத பேரனைத் தாங்கத் தயங்குகிறது! பொறுமையின் எல்லை இதுவெனலாம்.

1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. ஆதாயம் பெற்றவர் அகன்றனர்; குட்டைகள் எஞ்சின. அவ்வாறாயின் இக்கடன் யாருடையது?

“சுரங்கம் பிறர் தொழில், நாம் பால்மரம் சீவியவர்கள், நமக்கென்ன கடன்?” என்று நம்மவர் கேட்கக்கூடும். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று இது. ஆயினும் ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு புல்லும் இராதவாறு தரையைச் செதுக்கி வைப்பதே நல்ல நிருவாகம் எனக் கருதப்பட்டது. செதுக்கிய கைகளுள் நம் பாட்டன் பாட்டியர் கைகளும் இருந்தன. போர்வை இழந்த மேட்டுநிலத்து மண்ணை மழை ஆற்றில் சேர்த்தது. மூடுபயிரின் தேவை பின்னரே உணரப்பட்டது.

அதற்காக அவர்களைக் குற்றவாளிகள் எனலாமா? ஒருக்காலும் ஆகாது. மறுத்தால் கஞ்சியில்லை என்ற நிலையில் மண்வெட்டி பிடித்தவன்மீது பழி சாராது. பழி ஆதாயத்தைத் தொடர்ந்தே செல்லும். ஆனால் பழி வேறு, கடமை வேறு. பழி செய்தவனோடு போகும். கடமை அந்நிலத்தில் வாழ்பவனிடம் வந்து சேரும். தந்தை பட்ட கடனை மகன் அடைப்பது, அவனே கடன் வாங்கினான் என்பதாலன்று; அவ்வீட்டில் அவன் வாழ்கிறான் என்பதால்.

இக்கடமையை நம் கண்முன்னே சிலர் ஆற்றிவருகின்றனர். கிந்தாவின் மணல்மேடுகளில் எருவிட்டுக் காய்கறி விளைவிப்போர் உண்டு. கைவிடப்பட்ட குட்டைகளில் மீன் வளர்ப்போர் உண்டு. காம்பாரிலேயே, பழைய சுரங்க நிலத்தில் ஏரிகளுக்கிடையே துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் வளாகம் எழுந்துள்ளது. இவற்றால் பழைய மண் மீண்டுவிட்டது என மயங்குதல் கூடாது. மணலில் ஒரு கூடை எருவைக் கொட்டும் உழவன், கழுவிப் போக்கிய பொழுதில் ஒரு துளியையே நிலத்துக்குத் திருப்பித் தருகிறான். முழுக் கடனும் அவன் வாழ்நாளில் அடையாது என்பதை அவனும் அறிவான். அறிந்தும் மறுநாள் எருக்கூடையைச் சுமக்கிறான்.

வினாத் தொடுத்த மாணவனுக்கு இனி நாம் விடை கூறலாம்: “நிலத்தின் பொறுமைக்கு எல்லை உண்டு, தம்பி. அவ்வெல்லையைக் காம்பாரில் கண்ணாலேயே காணலாம். இத்தனை காலம் நிலம் நம்மைப் பொறுத்தது. இனி நாம்தான் அதனைப் பொறுத்திருந்து பேணவேண்டும்.”