உறுதியாகட்டும், அப்புறம் சொல்லலாம்

2015 அக்டோபர் 6ஆம் தேதி சிங்கப்பூர் பொது மருத்துவமனை செய்தியாளர்களைக் கூப்பிட்டது. சிறுநீரக நோயாளிகள் தங்கும் வார்டில் 22 பேருக்கு ஹெப்படைட்டிஸ் சி தொற்றியிருப்பதாக அறிவித்து மன்னிப்புக் கேட்டது. பிறகு அந்த எண்ணிக்கை 25 ஆனது. அவர்களில் 8 பேர் இறந்துபோனார்கள். அதில் 7 மரணங்களுக்கு இந்தத் தொற்றும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றது, சம்பவத்தை ஆராய்ந்த சுயேச்சைக் குழு.

என்னை உறுத்துவது தேதிகள். வழக்கத்தைவிடத் தொற்று கூடியிருப்பதை மருத்துவமனை ஜூன் மாதமே கவனித்துவிட்டது. சுகாதார அமைச்சுக்கு விஷயம் போனது ஆகஸ்ட் கடைசியில். அமைச்சருக்குச் சொன்னது செப்டம்பர் 18. பொதுமக்களுக்கு அக்டோபர் 6.

யாரும் வேண்டுமென்றே தாமதித்ததற்கு ஆதாரம் இல்லை என்று குழு டிசம்பரில் சொன்னது. நான் அதை நம்புகிறேன். நம்புவதால்தான் கூடுதலாகப் பயமாக இருக்கிறது. கெட்டவன் ஒருவன் மறைத்தான் என்றால் அவனைத் தண்டித்துவிட்டுப் போயிடலாம். இங்கே பல நல்ல மனிதர்கள், ஆளுக்கொரு நியாயமான காரணத்தோடு, 'முதல்ல உறுதிப்படுத்திக்குவோம்' என்று காத்திருந்திருக்கலாம். அத்தனை பேரின் காத்திருப்பையும் கூட்டினால் மாதக்கணக்கு வந்துவிடுகிறது.

பொறியாளர்களான நாங்களும் உறுதியாகத் தெரியாமல் பேச மாட்டோம். ஆனால் ஒரு சிஸ்டம் விழுந்தால் இரண்டு விஷயங்களைப் பிரித்து வைப்போம்: என்ன நடந்தது, ஏன் நடந்தது. 'ஏன்' என்பதற்கு வாரங்கள் ஆகலாம். அது தெரிகிறவரை 'என்ன'வைப் பயனரிடம் சொல்லாமல் இருப்பதற்கு நியாயம் கிடையாது. மருத்துவத்தில் இந்தப் பிரிவினை இன்னும் அவசியம். ஹெப்படைட்டிஸ் சி இரத்தம் வழியாகப் பரவுவது, பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே உடம்பில் இருப்பது. அந்த வார்டில் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போன ஒருவருக்கு, கிருமி எந்த வழியாக வந்தது என்பது உடனே தெரிந்தாக வேண்டியதில்லை. 'அங்கே தொற்று இருந்திருக்கிறது, நீங்களும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்' என்ற ஒரு வரி போதும்.

'பாதித் தகவல் சொன்னால் பீதிதானே கிளம்பும்?' என்று கேட்கலாம். கிளம்பும். ஆனால் பீதி அடையப் போகிறவருடைய உடம்பு அது. தன் உடம்பைப் பற்றிய சந்தேகத்தைச் சுமக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று இன்னொருவர் எப்படி முடிவெடுப்பது?

இதை மருத்துவமனைகளின் நோய் என்று மட்டும் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தால் 'அப்பாகிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டார்' என்று டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்கிற வீடுகள் நம்முடையவை. நோயாளி தாங்க மாட்டார் என்று மற்றவர்கள் கூடி முடிவெடுப்பதை நாம் அன்பு என்று பழகிவிட்டோம். நிறுவனம் அதையே செய்யும்போது மட்டும் துரோகம் என்கிறோம்.

வழக்குப் பயம் இன்னொரு காரணம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் தவறுகளைத் தானே நோயாளியிடம் சொல்லி, இழப்பீடும் தர ஆரம்பித்தது. அதன்பின் அங்கே வழக்குகள் குறைந்தன என்றது 2010இல் வெளியான ஆய்வு. ஹாங்காங்கில் 2017 டிசம்பர் முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது அது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள்தான். இருந்தாலும் 'உண்மை சொன்னால் செலவு மிச்சம்' என்ற வாதத்தை மட்டும் நம்பி நிற்க எனக்குத் தயக்கம். நாளைக்கே செலவு கூடுகிறது என்று ஒரு கணக்கு வந்தால் என்ன செய்வோம்? அப்போதும் அந்த 25 பேரின் குடும்பங்களுக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

மன்னிப்பைக் கொஞ்சம் தாமதமாகக்கூடக் கேட்கலாம். தகவல் அப்படி இல்லை. நோயாளி அதை வைத்து ஏதாவது செய்ய முடிகிற நாட்களுக்குள் வந்து சேர்ந்தால்தான் அது அவருக்குத் தகவல்.