அண்ணன் மெஷினில் ஒரு ஸ்டார்ட்-அப்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ். ஓ.டி. தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டு இளைஞன் தன் கம்பெனியைப் பற்றி முழுசாகச் சொல்லிவிட்டான். இன்னும் ஆரம்பிக்காத கம்பெனி. அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பிள்ளைகள் செல்போனிலிருந்து ஃபைலை அனுப்ப வேண்டியது. பிரின்ட் எடுத்து, பைண்டிங் போட்டு, ஹாஸ்டல் வாசலுக்கே கொண்டு வந்து கொடுத்துவிடுவான். நல்ல யோசனைதான். பணம்? நண்பர்கள் போடுகிறார்களாம். எல்லாம் ரெடி. ஒரே ஒரு சிக்கல்.

"எங்கண்ணன் அங்கேயே ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார் சார். நாலு வருஷமா அவர்கிட்டதான் வேலை பார்க்கறேன். தொழிலே அங்கதான் கத்துக்கிட்டேன். நான் தனியா போட்டா அவர் கஸ்டமர்ஸ்தான் என்கிட்ட வருவாங்க. தப்பா சார்?"

புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் புத்தகங்கள் முதலீடு, மார்க்கெட், லாபம் என்று அத்தியாயம் அத்தியாயமாக அடுக்கும். இந்தக் கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் பக்கம் ஒதுக்குவதில்லை. ஆனால், நாங்கள் புறப்பட்ட கடலூரிலேயே ஒருவர் இதை எதிர்கொண்டிருக்கிறார்.

சி.கே.ரங்கநாதன். அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன், பெரிய டப்பாவில் விற்ற பொருளைச் சின்னப் பாக்கெட்டில் போட்டால் ஏழையும் வாங்குவான் என்று யோசித்த மனிதர். டால்கம் பவுடர், எப்சம் சால்ட் என்று எதையெதையோ குட்டிப் பாக்கெட்டாக்கிப் பார்த்தார். யோசனைக்குப் பஞ்சமில்லை, விற்கத்தான் வரவில்லை. அவர் காலத்துக்குப் பிறகு மூத்த பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பூவைச் சாஷேயில் விற்றுப் பெயர் வாங்கினார்கள். தம்பி ரங்கநாதனுக்கும் அவர்களுக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. சொத்தில் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். கையில் பதினைந்தாயிரம் ரூபாய். வருஷம் 1983.

அடுத்து வந்த நாட்களை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: புறா, மீன் என்று செல்லப் பிராணிகள் வளர்ப்பது, ஷாம்பூ தயாரிப்பது. அண்ணன்களோடு மோத வேண்டாமே என்று ஷாம்பூவை முதலில் ஒதுக்கினார். வேறு எதுவும் தெரியாததால் கடைசியில் அதற்கே வந்தார். அப்பா பெயரிலிருந்து எழுத்தெடுத்து 'சிக்' என்று பெயர் வைத்தார். கிராமம் கிராமமாகப் போய், ஒரு பையனுக்குத் தலைகுளிப்பாட்டி, கூட்டத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்தக் கம்பெனி சாஷேயானாலும் ஐந்து காலிகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். பிறகு சிக் காலிகள் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். அந்த ஐந்தில் அண்ணன்களுடைய சாஷேயும் இருந்திருக்கும்தான். களத்தில் இறங்கியபின் கை ஓங்க வெட்கப்பட்டால் முடியுமா! அந்தக் கம்பெனிதான் 1998-ல் கெவின்கேர் ஆனது.

(காலிப் பாக்கெட்டைத் திரும்ப வாங்குவது விற்பனைத் தந்திரமாக மட்டும் நின்றுபோனதில் எனக்கு வருத்தமுண்டு. எல்லாக் கம்பெனியும் அதை வழக்கமாக்கியிருந்தால் நம் ஊர்ச் சாக்கடைகள் இத்தனை அடைத்திருக்காது. எதை விற்கப் போகிறோம் என்று கேட்டுக்கொள்கிறவர்கள், விற்றது எங்கே போய்ச் சேரும் என்றும் கேட்டுக்கொள்ளலாம்.)

"அப்ப நானும் போடலாம்ல சார்?" பையன் முகத்தில் வெளிச்சம். வண்டி ஆலப்பாக்கம் தாண்டியிருந்தது.

போடலாம். வீட்டில் கற்ற வித்தையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போ என்று எந்த அண்ணனும் கேட்க முடியாது. ஆனால், மூளையில் இருப்பது வேறு, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பது வேறு. வாடிக்கையாளர் போன் நம்பர் எழுதிய நோட்டு அண்ணனுடையது. அண்ணனை நம்பி டோனர் கடன் கொடுக்கும் ஏஜென்ட்டிடம், "நான்தான் அவர் தம்பி" என்று சொல்லிக் கடன் வாங்குவதும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். ரங்கநாதன் முதலில் வெளியே வந்தார், பிறகுதான் ஷாம்பூ காய்ச்சினார். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

"ட்ரையல் எல்லாம் பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன் சார். ஹாஸ்டல்ல முப்பது பேருக்கு ஏற்கெனவே குடுத்துட்டிருக்கேன்."

"எந்த மெஷின்ல?"

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "ராத்திரி கடை சாத்தினப்புறம்... அண்ணன் மெஷின்லதான்."

அதுவரை நான் அவன் பக்கம். சம்பளம் வாங்கிக்கொண்டே, அதே கரண்ட், அதே பேப்பரில் எதிர்க்கடைக்கு ஒத்திகை பார்ப்பதைத் தொழில் முனைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'சின்ன விஷயம்தானே, அண்ணன்தானே' என்று தோன்றும். அண்ணனிடம் தோன்றுவது, நாளைக்கு முதல் போட்ட நண்பர்களிடமும் தோன்றும்.

ரங்கநாதன் கதையில் இன்னொரு இடம் உண்டு. பிணை காட்டச் சொத்து இல்லாததால் வங்கிகள் கடன் தரத் தயங்கின. கடைசியில் ஒரு வங்கி கொடுத்தது. இந்தச் சிறுதொழில்காரர் வருமான வரி கட்டுகிறார் என்பதை மேனேஜர் குறிப்பெழுதி அனுப்பினாராம். முதல் நாளிலிருந்து ஒழுங்காக எழுதிய கணக்குதான் அவருக்குப் பிணையாக இருந்திருக்கிறது.

இதையும் சொன்னேன். புதுச்சத்திரம், பி.முட்லூர் எல்லாம் போனது. பையன் பேசவே இல்லை. கோபித்துக்கொண்டான் போல என்று நினைத்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கேட்டான்:

"முப்பது பேரோட பேப்பர், டோனர், கரண்ட் எல்லாம் கணக்குப் பார்த்து அண்ணன்கிட்ட குடுத்துடட்டுமா சார்?"

"குடு."

"எதுக்குடா இந்தக் காசுன்னு கேப்பாரே?"

"கேக்கட்டும்" என்றேன்.

ஷேர் ஆட்டோவில் ஏறும் வரைக்கும் விரல்விட்டு ஏதோ எண்ணிக்கொண்டே இருந்தான்.